மின்சார ஸ்கூட்டரில் விழுந்தவனுக்கு யார் சாட்சி?

தாராவியில் பாட்டன் தோல் கிடங்கில் உழைத்தான். தகப்பன் மூட்டை தூக்கினான், கொத்து வேலை பார்த்தான், கிடைத்த கூலிக்குக் கிடைத்த வேலையைச் செய்தான். பேரன் இன்று முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு, வாடகைக்கு எடுத்த மின்சார ஸ்கூட்டரில், பத்தாவது மாடியில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சோறு கொண்டு போகிறான். உழைப்பின் உருவம் மாறியிருக்கிறது. உழைப்பவனின் எலும்பு மாறவில்லை. அது உடைந்தால் முன்பு உடைந்தது போலத்தான் உடைகிறது.

அவன் ஓட்டும் அந்த ஸ்கூட்டரைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, இந்த இரண்டுக்கும் சோதனை நிலையத்தின் சான்று உண்டு என்றால், அது மோட்டார் வாகனமே அல்ல என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். வாகனம் அல்ல என்றால் பதிவு எண் தேவையில்லை. லைசென்ஸ் தேவையில்லை. இன்ஷூரன்ஸ் தேவையில்லை. ஹெல்மெட் கட்டாயமில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை மிதிக்காமலே வேலைக்குப் போகலாம் என்பதால்தான் நம் பிள்ளைகள் இந்த வண்டிக்கு ஓடுகிறார்கள். வாடகைக்கு விடும் முதலாளிக்கும் இது நல்ல சௌகரியம். சாலையில் ஓடும்போது அது வண்டி, பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் வண்டி அல்ல!

கூலி உயர்வு, குடிசை இடிப்பு, ரேஷன் கார்டு என்று எழுதி வரும் இந்த ஏட்டில் சட்ட மருத்துவத்துக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பதிவுப் புத்தகமும் பாலிசியும் இல்லாத வண்டியில் அடிபட்டவனுக்கு மிஞ்சுவது மருத்துவர் எழுதும் காகிதங்கள் மட்டுமே. ஆஸ்பத்திரியின் கேஸ் பேப்பர், எம்.எல்.சி. என்று சொல்லும் போலீஸ் வழக்குப் பதிவு, காயச் சான்றிதழ், இறந்து போனால் பிரேதப் பரிசோதனை அறிக்கை. இந்த நான்கு காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே தென்காசியிலோ சங்கரன்கோவிலிலோ காத்திருக்கும் தாய்க்கு ஐந்து லட்சம் வருமா, ஐந்து பைசாவும் வராதா என்பது முடிவாகிறது.

முதலில் விழுவதைப் பற்றிப் பார்ப்போம். "இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம்தானே, அதில் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கிறார்கள். சட்டத்தை எழுதியவர்களும் இப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 7 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சுவரிலோ நிற்கும் லாரியிலோ தலை மோதுவதும், ஏறக்குறைய 8 அடி உயரத்திலிருந்து தலைகீழாக விழுவதும் ஒன்று. வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டு அதே வண்டியை 40 கிலோமீட்டரில் ஓட்டினால் உயரம் 20 அடியாகிறது. இரண்டு மாடி. கூரை வேலையில் 8 அடியிலிருந்து விழுந்து இறந்தவர்களை நாம் அறிவோம். நின்ற நிலையிலிருந்து தரையில் சாய்ந்து மண்டை உடைந்தவர்களும் உண்டு. சட்டம் வண்டி என்று ஒப்புக்கொள்ளாத காரணத்தால் ஓட்டுபவனின் மண்டை ஓடு கெட்டியாகிவிடுவதில்லை.

அமெரிக்காவில் மின்சார ஸ்கூட்டர் என்றால் வேறு பொருள். நின்றுகொண்டு ஓட்டும் பலகை வண்டி அது. அங்கே லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்து இரண்டு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்கு, 2017 செப்டம்பர் தொடங்கி ஓராண்டில் அந்த வண்டியால் அடிபட்டு வந்த 249 பேரைப் பற்றி மருத்துவர்கள் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்குத் தலையில் அடி. நூற்றுக்கு முப்பத்திரண்டு பேருக்கு எலும்பு முறிவு. ஹெல்மெட் அணிந்திருந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். அங்கே பெரும்பாலும் பொழுதுபோக்குக்கும் கிட்டத்துப் பயணத்துக்கும் ஓட்டினார்கள். இங்கே நம் பிள்ளைகள் உட்கார்ந்து ஓட்டும் வண்டியில், கனமான பையுடன், மழையிலும் இரவிலும், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிழைப்புக்காக ஓட்டுகிறார்கள். அங்குள்ள கணக்கை இங்கே அப்படியே ஒட்ட வைக்க முடியாது. ஆனால் தலைதான் முதலில் அடிபடும் இடம் என்பதற்கு நாடு ஏது?

தலைக் காயத்தில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நெற்றிப்பொட்டுப் பக்கத்து எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பில் கீறல் விழுந்தால், அந்தக் குழாய் கிழிந்து உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். விழுந்தவன் சற்று நேரம் மயங்கி, பிறகு எழுந்து உட்காருவான். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, லேசா சிராய்ச்சிருக்கு" என்பான். மிச்சமிருக்கும் ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டே வருவான். அறைக்கு வந்து, தலை வலிக்கிறது என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுப்பான். உள்ளே தேங்கும் ரத்தம் மூளையை நசுக்கும். விடியற்காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டான். இடையில் தெளிவாக இருந்த அந்தச் சில மணி நேரத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. அந்த நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்து அறுவை செய்தால் பிழைக்க வைக்கலாம். விழுந்த பிறகு வாந்தி எடுத்தால், உளறினால், தலைவலி கூடிக்கொண்டே போனால், ஒரு கண்ணின் பாவை பெரிதாகத் தெரிந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள்.

அப்படி அறையிலே செத்துப் போனவனின் கதியை எண்ணிப் பாருங்கள். சாலை இல்லை, வண்டி இல்லை, பார்த்தவன் இல்லை. பாயில் கிடக்கும் ஒரு பிணம். போலீஸ் வந்து ஏ.டி.ஆர். என்ற தற்செயல் மரணப் பதிவு போடுகிறது. பக்கத்து அறைக்காரன் "நேற்று ராத்திரி தள்ளாடிக்கொண்டு வந்தான்" என்கிறான். தள்ளாட்டம் மூளையில் தேங்கிய ரத்தத்தால் வந்தது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? குடித்துவிட்டுக் கிடந்தான் என்று ஊர் முடிவு செய்துவிடும். அவனுக்காகப் பேசக்கூடியது பிரேதப் பரிசோதனை ஒன்றே. மண்டை ஓட்டைத் திறந்து பார்க்கும் மருத்துவர், கீறல் எங்கே, ரத்தக் கட்டு எவ்வளவு, தோலில் உள்ள சிராய்ப்பு எத்தனை மணி நேரத்துக்கு முந்தையது என்று எழுதிவிட்டால், அந்தச் சாவு பாயிலிருந்து மீண்டும் சாலைக்குப் போய்விடுகிறது.

ஆகவே விழுந்த அன்றே, சிராய்ப்பாக இருந்தாலும், அரசு அல்லது மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். தெருமுனை கிளினிக்கில் இரண்டு தையல் போட்டுக்கொண்டு திரும்புவது நம்மவர்களின் வழக்கம். போலீஸ் தொல்லை வேண்டாம் என்று அந்த டாக்டரும் எதையும் பதிவு செய்ய மாட்டார். தொல்லை அப்போது இல்லைதான், பிறகு வருகிறது. எந்த மருத்துவரும், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், போலீஸ் வரட்டும் என்று காத்திராமல் விபத்தில் அடிபட்டவருக்கு உடனே சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்தானால், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஏழு நாளுக்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டமும் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

"மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்தானால்." இந்தச் சொற்களை மீண்டும் படியுங்கள். முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

வேகம் குறைந்த மின்சார ஸ்கூட்டரில் போனவன் தானே வழுக்கி விழுந்தான் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் நஷ்ட ஈட்டுக் கதவு அவனுக்குத் திறக்காது. அவனையே ஒரு காரோ டெம்போவோ லாரியோ இடித்துத் தள்ளியிருந்தால், அவன் சைக்கிள்காரனுக்குச் சமம். இடித்த வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே, 164-ஆவது பிரிவின்படி சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கோரலாம். தப்பை நிரூபித்து 166-ஆவது பிரிவில் போனால் வருமானத்துக்கும் வயதுக்கும் ஏற்ப அதிகம் கேட்கலாம். இடித்தவன் நிற்காமல் ஓடிவிட்டால்கூட, 2022 ஏப்ரல் முதல் சாவுக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரமும் அரசுத் திட்டத்தில் உண்டு.

இத்தனைக்கும் வேர் எங்கே இருக்கிறது? கேஸ் பேப்பரில் 'எப்படி நேர்ந்தது' என்ற இடத்தில் எழுதப்படும் ஒரே வரியில்! அடிபட்டவன் நினைவில்லாமல் கிடக்கிறான். தூக்கிக்கொண்டு வந்தவன் யாரோ வழிப்போக்கன், அல்லது கூட வேலை செய்யும் பையன். போலீஸுக்கும் பயம், வண்டி கொடுத்த கம்பெனிக்கும் பயம். டியூட்டி டாக்டர் கேட்கிறார். "ஸ்கூட்டர் ஸ்லிப் ஆயிடுச்சு சார்" என்கிறான். அவர் எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து டிரிப்யூனலில் இன்ஷூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத் தூக்கிப் பிடிக்கிறார். இடித்த கார் காற்றில் கரைந்து போகிறது.

அந்த வரி பொய்யாக இருந்தால் அதை மறுக்கும் சாட்சி உடம்பில்தான் இருக்கிறது. சட்ட மருத்துவம் படித்தவர் காயத்தை வாசிக்கிறார். தோல் உரசிய சிராய்ப்பில் உரிந்த தோல் ஒரு முனையில் ஒதுங்கியிருக்கும். உடம்பு எந்தத் திசையில் இழுபட்டது என்று அது சொல்லும். சாலையில் நிற்பவனையோ நடப்பவனையோ காரின் பம்பர் தாக்கினால் கீழ்க்கால் எலும்பு ஆப்பு வடிவத்தில் முறிவதுண்டு. ஆப்பின் அகன்ற பக்கம் அடி விழுந்த பக்கம், கூரான பக்கம் வண்டி போன பக்கம். குதிகாலிலிருந்து அந்த முறிவு எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால் இடித்தது தாழ்ந்த காரா உயர்ந்த லாரியா என்று ஊகிக்கலாம். டயர் ஏறியிருந்தால் அதன் பட்டையின் அச்சு தோலில் கன்றிப் பதியும். உடையில் வேறு வண்டியின் பெயிண்ட் துகளும் கண்ணாடித் துணுக்கும் ஒட்டியிருக்கும். மோதிய இடம், பிறகு தரையில் விழுந்த இடம் என்று இரண்டு வகைக் காயங்களையும் பிரித்து எழுதிய அறிக்கை ஒன்று, பத்துச் சாட்சிகளுக்கு ஈடு.

அந்தத் துணியை நாம் என்ன செய்கிறோம்? ரத்தம் பட்டது வீட்டில் இருக்கக்கூடாது என்று கசக்கிப் போடுகிறோம், அல்லது ஆஸ்பத்திரி ஆயா குப்பையில் போடுகிறாள். துவைக்கக் கூடாது. ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையைத் தவிர்த்துக் காகித உறையில் இட்டு, போலீஸ் பஞ்சநாமாவில் சேர்க்கச் சொல்ல வேண்டும். பஞ்சநாமா மராட்டியில் இருக்கும். வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சாலில் மராட்டிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்று இல்லாமலா போகும்? கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பணம் வரும் என்பதற்காக, தானே விழுந்தவனுக்கு இல்லாத ஒரு லாரியைக் கற்பித்துக் கொடுக்கும் தரகர்கள் கோர்ட்டு வாசலில் திரிகிறார்கள். அவர்கள் வலையில் விழ வேண்டாம். எந்தச் சட்ட மருத்துவம் உண்மையான வழக்கைக் காப்பாற்றுகிறதோ, அதே சட்ட மருத்துவம் பொய் வழக்கைக் கிழித்துப் போடும். அதன் பிறகு அந்தப் பேட்டையிலிருந்து வரும் உண்மையான விதவையையும் நீதிபதி சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

கொடுங்காயம் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். எலும்போ பல்லோ உடைந்தால், மூட்டு விலகினால், முகம் நிரந்தரமாக விகாரப்பட்டால், சட்டப்படி அது கொடுங்காயம். ஒரு பல் உடைந்தாலும் கொடுங்காயம்தான்! கடும் வலியோடு, அன்றாட வேலை செய்ய முடியாமல் 20 நாள் கிடந்தால் கொடுங்காயம் என்று பழைய தண்டனைச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அதை 15 நாளாகக் குறைத்திருக்கிறது. ஆனால் இரவு டியூட்டி டாக்டர் எக்ஸ்ரே வருவதற்கு முன்பே 'சாதாரணக் காயம்' என்று எழுதிவிட்டால் அதுவே நிலைத்துவிடும். எக்ஸ்ரே வந்த பிறகு இறுதிக் கருத்து தரப்படும் என்று எழுதச் சொல்லிப் பணிவாகக் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலான மருத்துவர்கள் நல்லவர்கள். ஒரு இரவில் நூறு பேரைப் பார்க்கிறவர்களுக்கு நினைவூட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவே.

அடுத்து, மது. கேஸ் பேப்பரில் 'மது வாடை' என்று இரண்டு சொல் இருந்தால் போதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் திருவிழா. வாடை அளவாகாது. ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால்தான் சட்டப்படி குற்றம். அப்படிச் சந்தேகம் எழுதப்பட்டால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று குடும்பத்தாரே கேட்க வேண்டும். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு எடுத்த ரத்தத்தில் மது அளவு பார்ப்பது முறையல்ல என்பது பாடப் புத்தகத்திலேயே உள்ளது. குளிர்பதனம் இல்லாத பிணவறையில் அழுகத் தொடங்கிய உடலில், குடிக்காதவன் ரத்தத்திலும் நுண்ணுயிர்களால் ஓரளவு ஆல்கஹால் உண்டாகும். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் இதைச் சொல்லிக் காட்ட வேண்டுமா? குடித்தவனுக்கு இங்கே வக்காலத்து வாங்கவில்லை. குடிக்காதவன் மேல் குடிகாரப் பட்டம் கட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

நம்மவர்களிடம் மட்டும் இருக்கும் ஒரு வழக்கத்துக்கு வருகிறேன். பிள்ளை பிழைப்பானோ மாட்டானோ என்ற நிலை வந்ததும், "ஊருக்குக் கொண்டுபோய் விடுவோம், பெத்தவ முகத்தைப் பார்க்கட்டும்" என்கிறோம். கையெழுத்துப் போட்டு டிஸ்சார்ஜ் வாங்கி, ஆம்புலன்ஸிலோ ரயிலிலோ திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டு போகிறோம். அங்கே பத்தாம் நாள் உயிர் போகிறது. அன்று மாலையே அடக்கம். முடிந்தது வழக்கும்! காயத்தால்தான் செத்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? படுத்த படுக்கையாகக் கிடப்பவனுக்குக் கால் நரம்பில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தும் சாவு வரும், காயம் சீழ் பிடித்து ரத்தம் நஞ்சாகியும் வரும், நிமோனியாவாலும் வரும். வாசலில் நின்று பார்ப்பவனுக்கு அது 'காய்ச்சலில் செத்தான்' என்றுதான் தெரியும். சட்ட மருத்துவர் அறுத்துப் பார்த்தால் அந்த நிமோனியாவுக்கும் மும்பைச் சாலையில் உடைந்த எலும்புக்கும் உள்ள தொடர்பை எழுதுவார். ஊரில் இறந்தாலும் அங்குள்ள போலீஸ் நிலையத்தில் சொல்லி அரசு ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்ய முடியும். மும்பை கேஸ் பேப்பரும் எம்.எல்.சி. எண்ணும் கையில் இருந்தால் போதும். அவற்றின் நகலை எடுக்காமல் ரயில் ஏறாதீர்கள்.

"கத்தி வைக்க வேண்டாம் ஐயா, அப்படியே கொடுத்துடுங்க" என்று அழும் தாயை நாம் பார்க்கிறோம். அந்த அழுகையைக் குறை சொல்ல எவனுக்கும் வாய் வராது. உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரமும் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் மறுநாள்தான் என்பது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். வெளிச்சமும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்துவிட்டது. கொலை, தற்கொலை, அழுகிய உடல் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. சாலை விபத்துக்கு அல்ல. இரவிலேயே செய்து கொடுங்கள் என்று கேட்க நமக்கு இடமிருக்கிறது. செய்ய வேண்டாம் என்று கேட்பதை விட இது எவ்வளவோ மேல்.

விழாமலும் இந்த வண்டி ஆளைக் கொல்லும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீ, அதே கட்டடத்து லாட்ஜில் தங்கியிருந்த எட்டுப் பேரைப் பலி கொண்டது. அதே மாதம் நம் மும்பையை அடுத்த வசாயில், வீட்டுக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரி வெடித்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தீக்காயத்தால் இறந்தான். ஒரே கதவு, ஒரே ஜன்னல், மேலே பலகை போட்டு நான்கு பேர் படுக்கும் நம் அறைகளில், கதவருகே பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது எவ்வளவு பெரிய ஆபத்து! லித்தியம் பேட்டரி பற்றினால் தன் வெப்பத்தைத் தானே கூட்டிக்கொண்டு எரியும். அணைந்தது போலத் தெரிந்து மறுபடி பற்றும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடோடு அரிக்கும் அமில வாயுவும் இருக்கும். தீ உடம்பைத் தொடும் முன்பே புகை கொன்றுவிடும்.

இதிலும் உடம்பு சாட்சி சொல்கிறது. மூச்சுக் குழாயின் உள்ளே கரி படிந்திருந்தால், தீ பற்றியபோது அவர் உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் உடல் செர்ரிப் பழச் சிவப்பாகத் தெரியும். கேஸ் சிலிண்டர் வெடித்ததா, பேட்டரி வெடித்ததா என்று கேள்வி வரும்போது உருகிப்போன அந்தப் பேட்டரிப் பெட்டிதான் பதில். அதைக் கம்பெனி ஆள் 'சோதனைக்கு' என்று வந்து கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். போலீஸ் பஞ்சநாமா போட்டு எடுக்க வேண்டிய பொருள் அது. குறையுள்ள பொருளால் வந்த கேட்டுக்குத் தயாரித்தவனும் விற்றவனும் பொறுப்பு என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பேட்டரிகளுக்குக் கடுமையான சோதனை விதிகள் 2022 டிசம்பர் முதல் படிப்படியாக நடப்புக்கு வந்தன. அதற்கு முந்தைய பழைய பேட்டரிகளும், பெயர் தெரியாத சந்துக் கடையில் மாற்றிய பேட்டரிகளும் இன்னும் நம் சாலுக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

வண்டியையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். 25 கிலோமீட்டர் வண்டி என்று விற்றுவிட்டு, வேகக் கட்டுப்பாட்டை நீக்கிக் கொடுக்கும் வியாபாரிகள் மேல் 2022-இல் மராட்டியப் போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுத்தது. கட்டுப்பாடு கழற்றப்பட்ட வண்டி அந்த நிமிடமே சட்டப்படி மோட்டார் வாகனம், அதுவும் பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம். அப்படி ஒரு வண்டியைப் பதினேழு வயதுப் பையன் கையில் கொடுத்து வாடகை வாங்கியவன், 'இது வண்டியே அல்ல' என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்ப முடியாது. மண்டை உடைந்திருக்கும் விதம் 25 கிலோமீட்டர் வேகத்துக்குப் பொருந்துகிறதா என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரையும், மோட்டார் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்த நிபுணரையும் குறுக்கு விசாரணையில் நம் வக்கீல் கேட்க வேண்டும். கேட்கும் வக்கீல் குறைவு.

கை கால் முடங்கிப் பிழைத்தவனின் கணக்கு வேறு. ஆஸ்பத்திரி 'ஊனம் 30 சதவீதம்' என்று கொடுத்தால் வருமான இழப்பும் 30 சதவீதம் என்று கம்பெனி வாதிக்கும். உடலின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒரு கை போனால் குமாஸ்தாவுக்கு வேலை மிச்சமிருக்கலாம், டிரைவருக்குப் பிழைப்பு முழுவதும் போகலாம். எந்த வேலை செய்தான், அந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்று மருத்துவரையே கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும்.

நஷ்ட ஈட்டு மனுவை மும்பையில்தான் போட வேண்டும் என்பதில்லை. குடும்பம் குடியிருக்கும் ஊரின் டிரிப்யூனலிலும் போடலாம் என்று சட்டம் இடம் தருகிறது. தென்காசித் தாய் தாதர் ரயிலில் மூன்று வருஷம் அலைய வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருந்தாலும், அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம்.

தானே விழுந்தவனுக்கு என்ன வழி? பாங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தால் விபத்துச் சாவுக்கு 2 லட்சம் தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். அதற்கும் போலீஸ் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும்தான் கேட்பார்கள். வேலை கொடுக்கும் ஆப் கம்பெனிகளின் இன்ஷூரன்ஸும் உண்டு என்கிறார்கள். எந்த நேரத்தில் விழுந்தால் செல்லும், ஆர்டர் கையில் இல்லாத நேரத்தில் விழுந்தால் செல்லுமா என்று பையன்கள் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். இப்படிப்பட்ட தொழிலாளரைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல்தான் நடப்புக்கு வந்தது. கம்பெனிகள் தம் வருவாயில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. அந்தப் பணம் எப்போது எந்த வீட்டுக்கு வந்து சேருகிறது என்று பார்க்கத்தானே போகிறோம்.

கூலிக்காக ஓட்டப்படும் எந்த மின்சார ஸ்கூட்டரும், அதன் வேகம் எதுவாயினும், பதிவும் மூன்றாம் நபர் காப்பும் ஓட்டுபவனுக்கான காப்பும் இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. அதன் செலவை வாடகைக்கு விடுபவன் ஏற்க வேண்டும். இதுதான் நாம் அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கை. மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிடம் கேட்பது இதைவிடச் சிறியது, செலவில்லாதது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இரு சக்கர வண்டிக்காரர்கள். மின்சார வண்டியோ பெட்ரோல் வண்டியோ, எல்லாரும் 'இரு சக்கர வண்டி' என்ற ஒரே தலைப்பின் கீழ் போகிறார்கள். எம்.எல்.சி. பதிவேட்டில் இன்னும் மூன்று கட்டங்கள் போடட்டும். மின்சார வண்டியா, பதிவு எண் உண்டா, வேறு வண்டி மோதியதா. தாராவித் தோழர்கள் இந்த வாசகத்தோடு மனு ஒன்றைத் தயாரித்துக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். மராட்டி எழுதத் தெரிந்த இளைஞர்கள், இரவு நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு உடன் வரக்கூடியவர்கள், தங்கள் பெயரைச் சங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் கொடுக்கவும்.